நாலாவது கால் எங்கே?



மலர்க்குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது கவிதையா, சிறுகதையா என்று இரண்டு நாள் யோசித்தேன். நம் மலரில் காதல் கவிதைக்குப் பஞ்சமே கிடையாது. அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதலாம் என்று முடிவு செய்தேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சிங்கப்பெருமாள் கோவில். தாம்பரத்தில் செங்கல்பட்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினால் மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன். எங்கள் ஊர் நரசிம்மர் கோயில் பாறையைக் குடைந்து எடுத்தது. மூலவரைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்றி வரவேண்டும். ஊரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், உள்ளே தள்ளி ஒரு சின்னக் கம்பெனி. போன வருடம் ஆறு மாத இன்ப்ளான்ட் ட்ரெயினிங் எனக்கு அங்கேதான் கிடைத்தது. கம்பெனி பெயர் வேண்டாம். மொத்தம் பதினைந்து பேர். முதலாளியே இன்ஜினியர். எல்லோருக்கும் அவர் "சார்", அவருக்கு எல்லோரும் "தம்பி".

அங்கே விமானம் செய்வதில்லை. விமானத்திலிருந்து இன்ஜினைக் கழற்றினால் அதைத் தரையில் வைக்க ஒரு ஸ்டாண்டு வேண்டும் அல்லவா? இரும்புச் சட்டம், நாலு கால், காலுக்கு ஒரு சக்கரம். அந்த மாதிரி ஸ்டாண்டு, டிராலி, தூக்குகிற ஸ்லிங்... இவைதான் வேலை. "இவ்வளவுதானா?" என்று முதல் நாள் எனக்கு ஏமாற்றம். கோடிக்கணக்கில் விலையுள்ள ஒரு இன்ஜின் நாம் வெல்டிங் பண்ணின கால் மேல் உட்காரப் போகிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது.

ஆயுத பூஜைக்கு முன்னால்

ஆயுத பூஜை வந்தது. கம்பெனி முழுக்கக் கழுவி, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். ஸ்டோர் ரூம் என் பொறுப்பு. அங்கே ஒரு மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடந்தது. டப்பா மானிட்டர், மஞ்சள் பூத்த கீபோர்டு, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி. பின்னால் பிரிண்டர் சொருகுகிற இடத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை.

"எடைக்குப் போடலாமா?" என்று யாரையோ கேட்டேன். யாரோ "போடு" என்றார்கள். நான் பொறுப்பான பையன்! கம்பெனி விஷயம் வெளியே போகக்கூடாது என்று ஹார்டு டிஸ்கை ஒழுங்காக ஃபார்மட் பண்ணினேன். பிறகு காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டேன். 350 ரூபாய் கொடுத்தார். அந்தக் காசில்தான் பூசணிக்காயும் பொரி கடலையும் வாங்கினோம். அந்தப் பிளாஸ்டிக் கட்டை பார்க்க அழகாக இருந்ததால் என் டிராயரில் போட்டு வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கஸ்டமரிடமிருந்து கடிதம் வந்தது. 2007ல் நாங்கள் செய்து கொடுத்த ஸ்டாண்டு இன்னும் நன்றாக இருக்கிறதாம். அதில் இதுவரை வைத்தது சுமார் 600 கிலோ இன்ஜின். இனி 780 கிலோ வைக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். 2007ல் செய்த அனாலிசிஸைப் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும்.

மற்ற டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே அது எடையைத் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதுதான் சிமுலேஷன். பொருளை ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். எங்கே பிடித்திருக்கிறது, எங்கே எடை விழுகிறது என்று சொல்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு ஸ்ட்ரெஸ் என்று அது கணக்குப் போட்டுச் சொல்லும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கலர் கலராகப் படம் வரும். நாமும் லேபில் பார்த்திருக்கிறோம். படம் அழகாக வந்தால் போதும், ரெக்கார்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவோம்!

சார் பீரோவைத் திறந்தார். 2007, ஸ்டாண்டு நம்பர், எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிய உறையில் டி.வி.டி. பத்திரமாக இருந்தது. கீறல்கூட இல்லை. டிரைவில் போட்டோம், ஓடியது. ஃபைல் இருந்தது. கிளிக் பண்ணினால்... திறக்கவில்லை. இன்றைய சாஃப்ட்வேருக்கு அந்தப் பழைய டேட்டாபேஸ் அடையாளமே தெரியவில்லை.

சார் அமைதியாகக் கேட்டார். "தம்பி, ஸ்டோர் ரூம் மூலையில ஒரு பழைய சிஸ்டம் இருந்துச்சே? அதுலதான் பழைய வெர்ஷன் இருக்கு. எடுத்துட்டு வா."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பொரி கடலை தின்ற வாயாயிற்றே!

காயலான் கடையில்

மறுநாள் காலையில் காயலான் கடையில் போய் நின்றேன். "இன்னா தம்பி, ரெண்டு மாசம் கழிச்சு வந்து கேக்குற? போர்டெல்லாம் அப்பவே மெட்ராசுக்குப் போயிடுச்சுப்பா" என்றார். டப்பா மானிட்டர் மட்டும் வெளியே கிடந்தது. அதன் மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

என் டிராயரில் இருந்த அந்தப் பிளாஸ்டிக் கட்டைதான் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் சாவி. டாங்கிள் என்பார்கள். ஆக என்னிடம் சாவி இருந்தது, பூட்டு இல்லை. சாரிடம் டி.வி.டி. இருந்தது, படிக்க ஆள் இல்லை. "பேப்பர் ஃபைல் இருக்குமே சார்?" என்றேன். அப்போது கம்பெனி முடிச்சூரில் வாடகை ஷெட்டில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர். பேப்பரெல்லாம் கூழாகிவிட்டது.

இந்த இடத்தில்தான் எனக்கு முதல் பாடம். ஒன்றை வைத்திருப்பது வேறு, அதை வாசிக்க முடிவது வேறு.

அன்று இரவு வீட்டில் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் விமானப்படையில் டெக்னிக்கல் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். கடைசிச் சில வருடம் தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வேறு மாதிரி பேசினார்.

"டேய், ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஜாதகம் உண்டு. லாக் புக். எத்தனை மணி நேரம் பறந்துச்சு, எந்தப் பார்ட்டை எப்ப மாத்தினோம், யார் கையெழுத்துப் போட்டது, எல்லாம் அதுல இருக்கும். ஜாதகம் இல்லாத பார்ட்டை நாங்க தொடவே மாட்டோம். பார்க்கப் புதுசா பளபளன்னு இருந்தாலும் அது எங்களுக்குப் பழைய இரும்புதான்."

பிறகு கணக்குச் சொன்னார். மிக்-21 நம் விமானப்படைக்கு 1963ல் வந்தது. சண்டிகரில் விடை கொடுத்தது 2025 செப்டம்பர் 26ல். 62 வருடம்! அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானத்தில் கடைசி விமானம் ஃபாக்டரியை விட்டு வெளியே வந்தது 1962ல். அதை 2050களிலும் பறக்கவைக்கத் திட்டம் வைத்திருக்கிறார்கள். வடிவமைத்தவர்களின் பேரன்களே ரிட்டயர் ஆகிவிடுவார்கள்.

தாம்பரம் ஆட்களுக்குப் பழக்கமான ஏஎன்-32 இருக்கிறதே, அதன் கதை இன்னும் விசித்திரம். சோவியத் யூனியன் காலத்தில் உக்ரைனின் கீவ் நகரத்தில் அன்டோனவ் நிறுவனம் வடிவமைத்தது. நமக்கு 1984ல் வந்தது. 1991ல் சோவியத் யூனியன் என்ற நாடே இல்லாமல் போனது. விமானம் மட்டும் பறந்துகொண்டிருந்தது. 25 வருடம் என்று வைத்த ஆயுளை 40 வருடமாக நீட்டவும், கருவிகளை நவீனமாக்கவும் 2009ல் உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆயுளை நீட்டுவது என்றால் சும்மா பெயின்ட் அடிப்பதா? இறக்கையின் எந்த இடத்தில் எவ்வளவு ஸ்ட்ரெஸ், எத்தனை முறை ஏறி இறங்கினால் உலோகம் களைத்துப்போகும் என்ற பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். "நாடே போனாலும் கணக்கு இருக்கணும்டா" என்றார் பெரியப்பா.

அதைச் சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார். எனக்குக் காரணம் தெரியும். 2016 ஜூலை 22 காலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏஎன்-32 ஒன்று, 29 பேரோடு வங்கக் கடல் மேல் மறைந்துபோனது. அதன் சிதைவுகள் 3400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதை, பள்ளிக்கரணையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கிக் கலம் எடுத்த படங்கள் காட்டியதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். ஏழரை வருடம்! அந்த விபத்துக்கும் நான் எழுதுகிற விஷயத்துக்கும் முடிச்சுப் போடவில்லை. ஆனால் விமானத்தைத் தொட்டு வேலை செய்தவர்களுக்குக் காகிதமும் கணக்கும் ஏன் சாமி மாதிரி என்று அன்றுதான் புரிந்தது.

நிலாவும் கோழிக் கூண்டும்

நான் மட்டும்தான் முட்டாளா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. பெரிய துணை இருக்கிறது!

1969ல் மனிதன் நிலாவில் இறங்கியதை வந்த சிக்னலோடு அப்படியே பதிந்த மூல டேப்புகளைத் தேடிய நாசா, அவை அழிக்கப்பட்டு வேறு வேலைக்குப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று 2009ல் சொல்லிவிட்டது. டேப்புக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் நடந்தது. என்னைப் போல யாரோ ஒரு பொறுப்பான பையன்!

இன்னொரு கதை மகிழ்ச்சியானது. 1966, 67ல் லூனார் ஆர்பிட்டர் என்று ஐந்து கலங்கள் நிலாவைச் சுற்றிப் படம் எடுத்தன. சுமார் 1500 டேப்புகள். டேப்புகள் பத்திரமாக இருந்தன. அவற்றை ஓட்டுகிற ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்ற மிஷின்தான் உலகத்தில் அருகிப்போனது. நான்சி எவான்ஸ் என்ற அம்மையார் அந்த மிஷின்களைத் தூக்கிப் போட மனமில்லாமல் தன் வீட்டு ஷெட்டில் வைத்துக் காப்பாற்றினார். பல வருடம் கழித்து, கலிபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைக்குள் மிஷின்களைக் கொண்டுவந்து, பழுது பார்த்து, டேப்பை ஓட்டினார்கள். நிலாவுக்கு மேலே பூமி தெரிகிற 1966ஆம் வருடப் படம் 2008ல் புதுப்பொலிவோடு வந்தது. அந்த அம்மா காப்பாற்றினார். நான் கோழிக்குக் கூண்டு கொடுத்தேன்.

விமானக் கம்பெனிகள் இந்தத் தலைவலிக்குச் சேர்ந்து மருந்து தேடுகின்றன. ஏர்பஸ், போயிங் முதலானவர்கள் கூடி 'லோட்டார்' என்ற பெயரில் விதிமுறைகள் எழுதி வருகிறார்கள். நீண்டகாலம் வைத்து மறுபடி எடுப்பது என்று அர்த்தம். ஐரோப்பாவில் இ.என். 9300, அமெரிக்காவில் என்.ஏ.எஸ். 9300 என்று வெளியாகிறது. அடிப்படை யோசனை நம் பாட்டிக்கும் புரியும். ஒரு கம்பெனியின் சாஃப்ட்வேர் மட்டும் படிக்கிற மாதிரி வைக்காதே. எல்லோருக்கும் தெரிந்த பொது வடிவத்தில் வை. அந்தப் பொது வடிவம்தான் 'ஸ்டெப்', அதாவது ஐ.எஸ்.ஓ. 10303. 1994ல் முதலில் வந்தது. அதில் ஏ.பி.209 என்ற பகுதி, நாம் பேசுகிற ஸ்ட்ரெஸ் அனாலிசிஸுக்கானது. அதன் இரண்டாம் பதிப்பு 2014ல் வந்தது.

இன்னொரு யோசனையும் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஃபைலோடு சில சரிபார்ப்பு எண்களையும் சேர்த்து வைப்பார்கள். இத்தனை புள்ளி, இத்தனை துண்டு, மொத்த எடை இவ்வளவு, எடையின் மையம் இங்கே. முப்பது வருடம் கழித்து வேறொரு சாஃப்ட்வேரில் திறந்தால் அதே எண்கள் வருகிறதா என்று பார்க்கலாம். மளிகைக் கடையிலிருந்து வந்த பையைச் சீட்டோடு ஒத்துப் பார்க்கிற மாதிரி.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாததா? ஓலைச்சுவடி செல்லரிக்கும் என்று தெரிந்துதான் தலைமுறைக்குத் தலைமுறை பெயர்த்து எழுதினார்கள். பெயர்த்து எழுத ஆள் இல்லாத வீட்டில் ஏடு மண்ணாகப் போனது. எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்திலேயே உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் குடவோலைத் தேர்தல் முறையைக் கல்லில் வெட்டினார்கள். கல் அப்படியே இருக்கிறது. நீங்களும் நானும் போய் நின்றால் ஒரு வரி வாசிக்க முடியுமா? பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருப்பதால்தான் அது கல்வெட்டு. இல்லாவிட்டால் வெறும் கீறல்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் பேரவையின் பழைய மலர் ஒன்று சி.டி.யில் கிடைத்தது. திறந்தால் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக, என்னென்னவோ! அந்தக் காலத்தில் ஆளுக்கொரு தமிழ் ஃபான்ட், ஃபான்டுக்கொரு குறியீடு. 1999ல் அரசு டாம், டாப் என்று பொதுவான குறியீடு கொண்டுவந்தது. 2010ல் யூனிகோடை ஏற்றது. எல்லாம் நல்லதுதான். ஆனால் நம் சீனியர்கள் அந்த மலரில் என்ன எழுதினார்கள் என்பது இன்று லைப்ரரியில் இருக்கிற அச்சுப் பிரதியால்தான் தெரிகிறது.

மூன்று கால் ஸ்டாண்டு

சரி, நம் கதைக்கு வருகிறேன். டி.வி.டி.யில் இன்னொரு சின்ன ஃபைல் இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நோட்பேடில் போட்டேன், திறந்துவிட்டது! வரிசை வரிசையாக எண்கள். நாஸ்ட்ரான் இன்புட்.

நாஸ்ட்ரான் என்பது 1960களில் நாசாவுக்காக எழுதிய புரோகிராம். அப்போது துளையிட்ட அட்டையில்தான் கணக்குக் கொடுப்பார்கள். ஒரு அட்டையில் 80 எழுத்து. எட்டெட்டு எழுத்தாகப் பத்துக் கட்டம். அட்டை காணாமல் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த எட்டெழுத்துக் கட்டம் இன்றைக்கும் செல்லுபடியாகிறது! காரணம், அது வெறும் எழுத்து. எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும், மனுஷனும் படிப்பான். 2007ல் வந்த பளபளப்பான டேட்டாபேஸ் செத்துவிட்டது. 1960களின் அட்டை எழுத்து உயிரோடு இருக்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எங்களுக்கு அந்த ஏட்டுச் சுரைக்காய்தான் உதவியது.

அதில் யூனிட் எழுதியிருக்காது. அந்த புரோகிராமுக்கு மில்லிமீட்டரும் தெரியாது, அங்குலமும் தெரியாது. எண் மட்டும்தான். ஆனால் கண்டுபிடிக்கலாம். இரும்பின் யங் மாடுலஸ் 210000 என்று இருந்தால் நியூட்டன், மில்லிமீட்டர். அடர்த்தி 7.85-ஐத் தொடர்ந்து பத்தின் அடுக்கு மைனஸ் 9 என்று இருந்தால் டன், மில்லிமீட்டர். யூனிட் விஷயத்தில் விளையாடக்கூடாது. ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, மறுபக்கம் நியூட்டன் கணக்கு என்று குழம்பித்தான் 1999ல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் அழிந்தது.

புதிய சாஃப்ட்வேரில் அந்த ஃபைலை ஓட்டினேன். தரை தாங்குகிற விசையையெல்லாம் கூட்டினால் 5886 நியூட்டன். 600 கிலோவை 9.81ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும். ஸ்டாண்டின் சொந்த எடையை அதில் சேர்க்கவில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஸ்டாண்டுக்கு நாலு கால். தரையில் பிடித்திருந்தது மூன்று கால்தான்! நாலாவது கால் அந்தரத்தில் தொங்குகிறது. அதனால் எதிரும் புதிருமான இரண்டு கால்கள் ஆளுக்கு 300 கிலோ தாங்குகின்றன, மூன்றாவது சும்மா நிற்கிறது.

"சார், ஒரு காலை விட்டுட்டாங்க சார். மறந்துட்டாங்க போல" என்று பெருமையாகச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான். நாலாவது காலையும் தரையில் ஒட்டினேன். எடையை 780 ஆக்கினேன். காலுக்கு 195 கிலோ! பழைய கணக்கைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. படம் முழுக்க அழகான நீலம். "தாராளமா வைக்கலாம் சார்!" ரிப்போர்ட்கூட டைப் பண்ண ஆரம்பித்துவிட்டேன். நான் விட்ட தப்பை நானே சரி பண்ணிவிட்ட சந்தோஷம்.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இதைப் பண்ணின மனுஷன் ஒரு காலை மறக்குற ஆள் இல்ல" என்றார். அந்தப் பெரியவர் ரிட்டயர் ஆகி கும்பகோணம் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு.

"ஏம்ப்பா, ஹேங்கர் தரை சமமா இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது? தரையில ஒரு சின்னப் பள்ளம் போதும், ஒரு சக்கரம் தொங்கும். எடை முழுக்க ரெண்டு காலுக்குப் போயிடும். அதுக்குத்தான் ஒண்ணை விட்டுட்டுப் பார்த்தேன். ரிப்போர்ட்ல முதல் பக்கத்துலயே எழுதியிருந்தேனே? அந்த சிஸ்டத்துல இருக்குமே!"

அந்த சிஸ்டத்தில் இருந்தது. நான்தான் ஃபார்மட் பண்ணினேன்.

எக்ஸாம் ஹாலில் நம் டெஸ்க் ஆடும். பேப்பரை மடித்து ஒரு காலுக்கு அடியில் வைப்போம். மூன்று வருடமாக அதைச் செய்கிறேன். அந்த அறிவு எனக்குக் கம்ப்யூட்டர் முன்னால் வரவில்லை! பெரியவர் சொன்னபடி பார்த்தால் 780 கிலோவுக்கு ஒரு காலில் 390 கிலோ விழும். அந்தக் கால் 300க்குத்தான் கணக்குப் பார்த்துச் செய்தது. நான் டைப் பண்ணின ரிப்போர்ட் போயிருந்தால், என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது, பக்கத்தில் ஒரு டெக்னீஷியன் நின்றிருப்பார். நம்மை மாதிரி ஒரு டிப்ளமோ ஹோல்டர்.

அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கஸ்டமருக்கு "இப்படியே வைக்கக்கூடாது" என்று எழுதினோம். ஸ்டாண்டு திரும்பி வந்தது. கால்களுக்குக் குறுக்குப் பட்டையும் மூலைத் தகடும் வைத்து வெல்டிங் பண்ணி, எடை ஏற்றி டெஸ்ட் பண்ணி அனுப்பினோம். மூன்று வாரம் வேறு வேலை ஓடவில்லை. சார் என்னைத் திட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார்.

"கம்ப்யூட்டரைத் துடைச்சதுக்கு உன்னைச் சொல்ல மாட்டேன் தம்பி. அதைப் பத்திரமா வைக்காதது என் தப்பு. ஆனா ஏன்னு கேட்காம ஒரு காலை ஒட்டினியே, அது மட்டும் உன் தப்பு."

நமக்கு என்ன?

தோழர்களே, ஃபைலை இழந்தால் நஷ்டம்தான். மறுபடி செய்துகொள்ளலாம். ஃபைல் இருந்து, அதன் காரணம் தொலைந்துபோனால் அது நஷ்டத்தோடு நிற்காது, ஆபத்தாகிவிடும். அடுத்து வருகிறவன் சரியான கணக்கைத் 'திருத்தி'த் தப்பாக்கிவிடுவான். என் வாழ்க்கையில் நான் கண்ட உண்மை இது.

நாம் எல்லோரும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் செய்கிறோம். அதற்காகச் சில வார்த்தைகள்:

ஒன்று, எந்த சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன் என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். இரண்டு, யூனிட் எழுதுங்கள். மூன்று, சாஃப்ட்வேரின் சொந்த ஃபைலோடு, நோட்பேடில் திறக்கிற இன்புட் ஃபைலையும், ஸ்டெப் ஃபைலையும் சேர்த்து வையுங்கள். நாலு, மொத்த எடை, புள்ளிகளின் எண்ணிக்கை, தரை தாங்கும் விசையின் கூட்டுத்தொகை, இந்த மூன்றையும் குறித்து வையுங்கள், வருகிறவன் சரிபார்த்துக்கொள்வான். ஐந்து, எங்கே பிடித்தீர்கள், எவ்வளவு எடை வைத்தீர்கள் என்பதோடு 'ஏன்' என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

நாஸ்ட்ரான் ஃபைலில் ஒரு வசதி உண்டு. டாலர் குறி போட்டு ஒரு வரி எழுதினால் அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் சேர்க்காது. அது மனுஷனுக்காக மட்டும். "தரை சமமில்லை, ஒரு கால் தொங்கும்" என்று டாலர் குறி போட்டு ஒரே ஒரு வரி அந்த ஃபைலில் இருந்திருந்தால், நான் அந்தக் காலை ஒட்டியிருக்க மாட்டேன். வலுவாக்கிய ஸ்டாண்டின் புது ஃபைலில் முதல் வரியாக அதை நான்தான் எழுதினேன். என் பெயரும் தேதியும்கூடப் போட்டிருக்கிறேன். அச்செடுத்த ஒரு பிரதி வெள்ளம் எட்டாத மேல் தட்டில் இருக்கிறது.

அந்த டாங்கிள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சைக்கிள் சாவியோடு கோர்த்து வைத்திருக்கிறேன். யாராவது "இது என்னடா?" என்று கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். இனிமேல் மலரைப் படி என்று சொல்லிவிடலாம்!

அடுத்த செமஸ்டர் எக்ஸாமில் டெஸ்க் ஆடினால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள். பேப்பரை மடித்து வைப்பதற்கு முன்னால் எந்தக் கால் தொங்குகிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை